ஹெட்மாஸ்டருக்கு வீடு பார்த்த கதை

ஊருக்கெல்லாம் சோபா விற்கிற மனிதர், சொந்த வீட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கலாமா? ஒரு நாள் குடிக்கலாம். இரண்டு நாள் குடிக்கலாம். நாள் கணக்கே மறந்துபோகிற அளவுக்குக் குடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாக்காரர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் டொக்கென்று வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்த வீட்டுல நானா, அவனா?"

மனைவி அவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். யோசித்தாள். அவள் யோசித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

'அவன்' என்பது ஹெட்மாஸ்டர். கன்னங்கரேலென்று, மார்பிலும் புருவத்திலும் துரு நிறத்தில் பொட்டு வைத்த டாபர்மேன் நாய். வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, வருகிறவர்களை எல்லாம் லேட்டாக வந்த பையனைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்ப்பான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஒரு கிடங்குக்குக் காவலாக இருந்தவன். கிடங்கைக் காலி செய்தவர்கள் மேஜை, நாற்காலி, பழைய விளக்குமாறு வரை ஞாபகமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு, இவனை மட்டும் சங்கிலியோடு மறந்துவிட்டுப் போனார்கள். சங்கிலியை அறுத்துக் கூட்டிவந்தவள் சோபாக்காரரின் மனைவி.

அவளுக்கு இதே வேலை. பகலில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை. "இப்போ தெரியுதா? இப்போ?" என்று லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்பாள். மிச்ச நேரமெல்லாம் கைவிடப்பட்ட டாபர்மேன்களுக்கு வீடு தேடுவாள். வீடு கிடைக்கும்வரை அவை தங்குவது இங்கேதான். வந்தவை எல்லாம் பின்னறையில் தங்கி, ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகப் புது வீட்டுக்குப் போயின. ஹெட்மாஸ்டர் மட்டும் முதல் நாளே கூடத்துக்கு வந்து சாய்வு சோபாவில் ஏறிவிட்டான். சோபாக்காரர் கடையில் இருந்த அத்தனையிலும் உட்கார்ந்து பார்த்துத் தனக்கென்று பொறுக்கி எடுத்த சோபா அது. பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளினால் கால் பலகை எழும்பும் என்பதை அவன் மூக்காலேயே கண்டுபிடித்தான். அவர் அதற்குக் கையேடு படித்தவர்.

"நீ வீடு பார்க்கிற லட்சணத்துக்கு இவன் இங்கேயே ரிட்டயர் ஆயிடுவான்," என்றார் சோபாக்காரர். "போன வாரம் போன் பண்ணவங்ககிட்ட என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

"குடையை விரிச்சா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவான், தனியா விட்டா செருப்பைத் தின்னுடுவான், நீங்க பாத்ரூம் போனா கதவுக்கு வெளியில உட்கார்ந்து அழுவான். இப்படிச் சொன்னா எவன் எடுப்பான்? சோபா வாங்க வர்றவங்ககிட்ட, உள்ளே ஒரு ஸ்பிரிங் சரியில்ல சார்னு நான் சொன்னா கடை நடக்குமா?"

"ஸ்பிரிங் சரியில்லையா?"

"பேச்சுக்குச் சொல்றேம்மா!"

"குறையை எல்லாம் கேட்டுட்டும் யார் வேணும்னு சொல்றாங்களோ, அவங்களுக்குத்தான் கொடுப்பேன். போன தடவை என் சிநேகிதி இவனை இனிக்க இனிக்கப் பேசி ஒரு வீட்டுல விட்டா. செருப்பு போனதும் அவங்க திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சுவரையே பார்த்துக்கிட்டு நின்னானே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அப்படி நின்றவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பிஸ்கட்டை உடைத்து உடைத்து நீட்டியவர் அவர்தான். ஆனால் இந்த நேரத்தில் அதை ஒத்துக்கொண்டால் சோபா கைவிட்டுப் போய்விடும். கனைத்துக்கொண்டார்.

"என்கிட்ட விடு. ஒரே மாசம். ஜோரா ஒரு வீடு பார்த்துக் கொடுக்கிறேன். கொடுத்துட்டா, அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள ஒரு வால் நுழையக் கூடாது."

"சரி," என்றாள் மனைவி.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர், மனைவி ஒரே வார்த்தையில் சரி என்றதும் சுதாரித்திருக்க வேண்டும். சோபாக்காரரோ மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா ரெண்டு விஷயம்," என்றாள் அவள். "வீடு பார்க்கிறவங்கதான் நாயையும் பார்த்துக்கணும். நடக்கக் கூட்டிட்டுப் போறது, சாப்பாடு, குளிப்பாட்டறது, எல்லாம். தெரியாத நாய்க்கு வீடு தேட முடியாது."

"செஞ்சா போச்சு. அடுத்தது?"

"நல்ல வீடா ஒண்ணு வந்து, நீங்களா வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் எத்தனை நாய் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது."

"நானா? வேண்டாம்னு சொல்றதா?" சோபாக்காரர் சிரித்த சிரிப்பில் ஹெட்மாஸ்டரே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

அன்றே விளம்பரம் தயாரானது. பழக்க தோஷம், கை தானாக எழுதியது: 'கம்பீரமான தோற்றம். அழுக்குத் தெரியாத கறுப்பு நிறம். எந்த அறைக்கும் பொருந்தும். நீண்ட நாள் உழைக்கும்.' மனைவி படித்துவிட்டு, "எத்தனை பேர் உட்காரலாம்னு போடலையே," என்றாள்.

மறுநாளிலிருந்து காலை நடை. சோபாக்காரர் ஷூ போடக் குனிந்தால் ஹெட்மாஸ்டர் வந்து, முழு உடம்பையும் அவர் முழங்கால் மேல் சாய்த்துவிடுவான். மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு பாரம். டாபர்மேன்களுக்கு அது சுபாவம் என்று மனைவி சொல்லியிருந்தாள். "என்னடா தொந்தரவு," என்று அதட்டுவார். அதட்டிக்கொண்டே, அவன் நிமிரும்வரை ஷூ கயிற்றை மெதுவாகக் கட்டுவார். ஒரு வாரத்தில் அவர் கயிறு கட்டும் நேரத்தில் வேறொருவர் ஷூவே தைத்திருக்கலாம்.

முதலில் வந்தவர் ஜிம் நடத்துகிறவர். இரண்டு கையும் இரண்டு தலையணை.

"பார்க்கவே பயமா இருக்கான் சார். சூப்பர். ஜிம் வாசல்ல கட்டிப் போட்டுடறேன்."

"வாசல்லயா? ராத்திரியில?"

"ராத்திரிக்குத்தானே சார் நாய்!"

"இவனுக்கு முடி கம்மி சார். குளிர் தாங்க மாட்டான்."

"நாய்க்கு என்ன சார் குளிர்?"

"அப்போ உங்களுக்கு எதுக்கு சார் சட்டை?" என்று சோபாக்காரர் கேட்டுவிட்டார். வாய் கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே தூறல் போட்டது. ஜிம்காரர் கிளம்புவதற்காகக் குடையை விரித்தார். பார்க்கவே பயமாக இருந்தவன் ஒரே பாய்ச்சலில் சோபாக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி உள்ளே இருந்து.

"ஆள் சரியில்ல."

அடுத்தது ஒரு கட்டட நிபுணரும் அவர் மனைவியும். வீட்டைப் பார்க்க சோபாக்காரரே நேரில் போனார். நல்ல காற்று, சுற்றிலும் மதில், பெரிய தோட்டம். எல்லாம் பேசி முடிந்து எழுந்திருக்கப் போனவர், உட்கார்ந்திருந்த சோபாவை விரலால் ஒருமுறை அழுத்தினார். அழுத்திய இடம் அழுந்தியபடியே இருந்தது. அவர் முகமும் அப்படியே ஆகிவிட்டது.

"சோபா சரியில்லன்னு ஒரு வீட்டையே வேண்டாம்னுட்டீங்களா?" மனைவிக்கு நம்ப முடியவில்லை.

"மட்டமான ஸ்பாஞ்சும்மா. ஆறே மாசத்துல குழி விழும். அவன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"அவன் ஏன் சோபாவுல படுக்கணும்?"

"பின்னே, தரையிலயா படுப்பான்?" என்றார் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்.

மனைவி ஸ்டூலைப் பார்த்தாள். அவர்கள் பகலெல்லாம் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதால், அதை நல்ல வீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பெரிய மனது பண்ணி விட்டுவிட்டாள்.

மாசக் கடைசியில் வந்தார்கள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும். வந்ததும் வராததுமாக டிரைவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையை மட்டும் தாழ்வாக நீட்டினார். நாய் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஹெட்மாஸ்டர் மோந்து பார்த்து வாலை ஆட்டினான். சோபாக்காரர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான் சார், டாபர்மேன்தான். வயசாகிப் போய்ச் சேர்ந்தான். நாங்க ரெண்டு பேரும் எந்நேரமும் வீட்டுலதான்."

"அதெல்லாம் சரி," என்றார் சோபாக்காரர். "வீட்டுல என்ன சோபா?"

"சாய்வு சோபா. நீங்கதானே சார் வித்தீங்க! ஞாபகம் இல்லையா? இதுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வராதுன்னு சொன்னீங்களே. நிஜமாவே வரலை சார்."

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டு, எங்கேயோ பார்த்தாள். வேறு வழி தெரியவில்லை. அவர் அவளுடைய ஆயுதத்தையே எடுத்தார்.

"ஒளிக்காம சொல்லிடறேன். இவன் தனியா விட்டா செருப்பைத் தின்னுடுவான்."

"நாங்க தனியாவே விட மாட்டோமே," என்றாள் டிரைவர் மனைவி.

"குடையைக் கண்டா பயம்."

"மழைக்கோட்டு போட்டுக்கிறோம்."

"பாத்ரூம் வாசல்ல உட்கார்ந்து அழுவான்!"

"எங்க பழைய பையன் உள்ளேயே வந்துடுவான் சார். இவன் மரியாதை தெரிஞ்சவன்."

உண்மைக் குறைகள் தீர்ந்துபோயின. சோபாக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பித்தார். "குறட்டை விடுவான். பக்கத்துத் தெருவுல இருந்து புகார் வருது. தூக்கத்துல நடப்பான். டிவியில செய்தி ஓடினா கூடவே கத்துவான். அன்னிக்கு ஒரு நாள் ஃபிரிட்ஜைத் தானே திறந்து, தானே மூடினான்!"

"கெட்டிக்காரன்!" என்று டிரைவர் சொக்கிப்போனார். "எங்க சோபாவுல ராஜா மாதிரி இருப்பான் சார்."

"அந்த சோபாவுல உள்ளே ஒரு ஸ்பிரிங் சரியில்ல!" என்று சோபாக்காரர் கத்திவிட்டார்.

விற்பனைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எந்த வாடிக்கையாளரிடமும் அவர் சொல்லாத வாக்கியம் அது. அதுவும் சுத்தப் பொய். அந்த சோபாவில் ஸ்பிரிங் எல்லாம் அருமையாக இருந்தது.

அந்தச் சத்தத்தில் ஹெட்மாஸ்டர் எழுந்தான். டிரைவரைத் தாண்டி, டிரைவர் மனைவியைத் தாண்டி, ஸ்டூலுக்கு வந்து, தன் முழுப் பாரத்தையும் சோபாக்காரரின் முழங்கால் மேல் சாய்த்தான். சோபாக்காரர் அவன் கழுத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் கை ஒழியவில்லை.

"மன்னிச்சுக்கங்க. உங்க வீடு நல்ல வீடு. இவனை நான் கொடுக்கறதா இல்ல."

"அப்பாடா!" என்றார் டிரைவர். "இனிமே நான் கால் நீட்டி உட்காரலாமாம்மா?" அவர் கேட்டது சோபாக்காரரின் மனைவியை.

"என்னது இது?" என்றார் சோபாக்காரர்.

டிரைவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நாங்க நேத்தே நாய் டாக்டர்கிட்ட இருந்து ஒருத்தனைக் கூட்டிட்டுப் போயிட்டோங்க. அண்ணனும் தங்கச்சியுமா ரெண்டு டாபர்மேன், யாரோ விட்டுட்டுப் போனது. அண்ணன் எங்க வீட்டுல எங்க மகன் பக்கத்துல சோபாவுல கிடக்கான். உங்க வீட்டம்மாதான், ஒரு டீ குடிச்சுட்டு, எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டுப் போங்கன்னாங்க."

சோபாக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்றாள் அவள். "வழக்கமா செய்யறதைத்தான் செஞ்சேன். இவன் குறையை எல்லாம் முதல் நாள்ல இருந்து உங்ககிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். அத்தனையும் கேட்டுட்டு யார் விட மாட்டேங்கறாங்களோ, அவங்களுக்குத்தானே கொடுப்பேன்? இப்போ தெரியுதா?"

தெரிந்தது. ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. தோற்றதில் வருத்தப்படலாம் என்று பார்த்தால், முழங்கால் மேல் இருந்த பாரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சரி, போகட்டும், ஒரு நாய்தானே, தெரிந்த நாய்தானே என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. நாய் டாக்டரின் வண்டி.

"அண்ணனை இவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார் சோபாக்காரர் மெதுவாக. "அப்போ தங்கச்சி?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு பேச்சு," என்றாள் மனைவி, கதவைத் திறக்கப் போய்க்கொண்டே. "அண்ணனைப் பிரிஞ்சவ, பின்னறையில தனியா படுக்க மாட்டா போலிருக்கு. இங்கேயே ஒரு மெத்தை போட்டுடலாம். அந்த ஸ்டூலைக் கொஞ்சம் வெளியில எடுத்துப் போட்டுக்கங்க."