ஐம்பதாவது படிவம்

"காப்பு கட்டிக்கினா எல்லையைத் தாண்டக் கூடாதே தம்பி. ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தாண்ட இல்ல இருக்குது? அப்புறம் நாங்க எப்படி அங்க வர்றது?"

லோகாம்பாள் இப்படிக் கேட்டபோதுதான், தான் வசமாக மாட்டிக்கொண்டது தணிகாசலத்துக்குப் புரிந்தது.

தவறு அவன்மேல் இல்லை. தர்ம ஆஸ்பத்திரியின் செயலாளர் கலியாணசுந்தரம் தனித்தமிழ்ப் பிரியர். நெசவாளர் குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் வருடம் முழுக்க வைத்தியம் இலவசம் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கு டாக்டர் வைத்திருந்த பெயர் 'மெடிக்கல் இன்சூரன்ஸ்'. செயலாளர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'உடல்நலக் காப்பு' என்று எழுதினார். எழுதிய மாதம் ஆடி. பிள்ளையார்பாளையத்தில் ஆடி மாதம் காப்பு என்றால் அம்மனுக்குக் கட்டும் மஞ்சள் கயிறு. அது தவிர வேறு அர்த்தம் கிடையாது.

இது தெரியாமல், ஆஸ்பத்திரியின் வெளிவேலை குமாஸ்தாவான தணிகாசலம், திங்கட்கிழமை காலை சைக்கிளை நிறுத்தித் தகரக் குழாயை வாயில் வைத்து, "வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள எல்லாரும் காப்புல சேர்ந்துடுங்க!" என்று கத்தினான்.

விளைவு உடனே தெரிந்தது. தாமலில் காதுகுத்து வைத்திருந்த இரண்டு குடும்பங்கள், அப்புறம் ஊரைவிட்டுப் போக முடியாதே என்று அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. மூன்று வீடுகளில் கருவாட்டுச் சட்டி பரணுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தத் தெருவில் ஐம்பது குடும்பங்கள் சேர வேண்டும். சேர்ந்தால் வாரம் ஒரு நாள் டாக்டர் வண்டி தெருவுக்கே வரும். ஒன்று குறைந்தாலும் வண்டி வாலாஜாபாத்துக்குப் போய்விடும். இதுதான் கணக்கு.

தணிகாசலம் மறுபடியும் குழாயை எடுத்தான். "இது அந்தக் காப்பு இல்ல! காப்பே இல்ல!"

திருவிழாக் கமிட்டித் தலைவர் தர்மன் பாதி சவரத்தோடு ஓடி வந்தார்.

"இந்த வருசம் காப்பு இல்லன்னு சொல்றதுக்கு நீ யாருய்யா?"

"ஐயா, நான் சொன்னது இன்சூரன்ஸ்..."

வாய் தவறி வந்த அந்தச் சொல் தெருமுனை வரை ஓடிப் போய்த் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே தெரு நெசவாளி ராமலிங்கம் அவனை ஓரமாக இழுத்துப் போனான்.

"ஏம்பா, இன்சூரன்ஸ்னா ஆளு செத்தாதானே குடுப்பாங்க?"

"இது வேறப்பா. உயிரோட இருக்கிறவங்களுக்கு."

"அதை என் பொண்டாட்டிகிட்ட கொஞ்சம் வந்து சொல்லு. காலையிலேருந்து, கையெழுத்துப் போடுய்யா, போடுய்யான்னு துரத்திக்கினு இருக்கிறா. பார்க்கிற பார்வையே சரியில்ல."

சொற்களே வேண்டாம், பொருளைச் சொல்வோம் என்று தணிகாசலம் முடிவு செய்தான். "சேர்ற குடும்பத்துக்கு எல்லாம் அட்டை குடுப்போம். அட்டையைக் கொண்டாந்தா வைத்தியம்." இதில் என்ன கோளாறு வந்துவிடும்?

வந்தது. மறுநாள் காலை பதினோரு நெசவாளர்கள் வரிசையில் நின்றார்கள். அந்தத் தெருவில் அட்டை என்றால், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓடும் ஓட்டை போட்ட டிசைன் அட்டை.

"எந்த டிசைனு குடுக்கிறீங்க? மயிலா, அன்னமா?"

"ஓட்டையெல்லாம் ஒழுங்கா போட்டிருக்குதா?"

ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்த தணிகாசலம், "அதெல்லாம் நர்ஸம்மா பார்த்துப் போடுவாங்க. வலிக்கவே வலிக்காது" என்றான்.

இதற்கிடையில் அந்தத் தெருவில் குடியிருந்த பெரியநாயகி, ஆஸ்பத்திரியில் உடம்பின் மேல் அட்டைப்பூச்சியை விட்டு ரத்தத்தை உறிஞ்ச வைக்கிறார்களாம் என்று கிணற்றடியில் சொல்லிவிட்டாள். வரிசை கலைந்துவிட்டது.

கடைசியில் அவனைக் காப்பாற்றியது ஒரு செத்துப்போன மனிதர். லோகாம்பாள் வீட்டு வாசலில் சோர்ந்துபோய் உட்கார்ந்தவன், தன்னை அறியாமல் சொல்லிவிட்டான். "எங்க மாமாக்கு வெறும் ஜுரம்தான்மா. ஒம்பது நாளு. ஆஸ்பத்திரின்னா எவ்வளவு ஆவுமோன்னு பயந்து வீட்டிலயே வெச்சிருந்தோம். பத்தாவது நாளு ஆளு இல்ல. அதுக்கோசரம்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

லோகாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பாரத்தைக் குடு, கையெழுத்துப் போடறேன்."

அதற்குப் பிறகு வீடு வீடாக மாமாவைச் சொன்னான். கையெழுத்துகள் விழுந்தன. தாமல் போனவர்கள் திரும்பி வந்தார்கள், அவர்களும் போட்டார்கள். தர்மனே ஒரு கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மாலை தணிகாசலத்தின் பையில் நாற்பத்தொன்பது படிவங்கள் இருந்தன.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் மாமாவைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. தெருக்கோடியில் இருந்த கலியன் வீடு அது. கலியனுக்கு மூச்சிரைப்பு. அவருடைய மகள் கிருஷ்ணவேணிதான் தறியில் உட்காருகிறாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அந்த வீட்டுக்கு அவன் பெண் பார்க்க வந்திருந்தான். கேசரி சாப்பிட்டான். அவள் காப்பியை நீட்டி, "சக்கரை போதுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதில் சர்க்கரையே இல்லை. "போதும்" என்றான். அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே அவன் விழுந்துவிட்டான்.

கிளம்பும்போது, கூட வந்திருந்த மாமா, "வீட்டுக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள் இப்படிச் சொன்னால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி மாமாவுக்கு மட்டும் தெரியாது. அவர் சொன்னதைச் செய்கிறவர். மறுநாளே போய் இன்லண்ட் லெட்டர் வாங்கி வந்தார். பேனாவை எடுப்பதற்குள் ஜுரம் வந்துவிட்டது.

வருடத் துக்கம் கழிந்து தணிகாசலமே எழுத உட்கார்ந்தான். இத்தனை நாள் கழித்து என்னவென்று எழுதுவது? ஏழு கடிதம் எழுதி ஏழையும் கிழித்தான். அதற்குள் அவளை வாலாஜாபாத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு இந்தத் தெருப் பக்கமே அவன் சைக்கிள் திரும்பவில்லை. வேறு பெண் பார்க்கவும் போகவில்லை. எங்காவது காப்பியில் சர்க்கரை குறைந்தால் மட்டும் அன்றைய பொழுது அவனுக்கு ஓடாது.

திங்கட்கிழமை அந்தக் கதவைத் தட்டினால், திறந்தவள் அவள்தான். அதே நிறம், அதே நிதானம். காதோரம் நரை இரண்டு இழை. வாலாஜாபாத் வெறும் வதந்தி என்பதை எதிர்வீட்டு லோகாம்பாள் பின்னால் சொன்னாள். "அது யாரையும் கட்டிக்கல தம்பி. வந்ததையெல்லாம் வாணாம்னுட்டுது. ஏன்னு கேட்டா பதில் வராது."

அன்றைக்கு அவள் படிவத்தை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"இதை எல்லாம் யாரு படிப்பாங்க?"

"நான்தான். ஒண்ணு விடாம நானே படிப்பேன்."

"நிஜமா?"

"அதுதானேங்க என் வேலை."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதாதா? அவனுக்கு அன்று சைக்கிள் மிதிப்பதே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை படிவத்தை வாங்கப் போனான். அவள் மாம்பழ மஞ்சள் சேலை கட்டித் தலையில் கதம்பம் வைத்திருந்தாள். கேட்காமலே காப்பி வந்தது. சர்க்கரை இருந்தது.

தணிகாசலம் தொண்டையைக் கனைத்தான். "அந்த பாரத்தைப் பத்தி..."

"படிச்சீங்களா?" என்றாள் அவள் சட்டென்று.

திட்டத்தின் விதிகளைக் கேட்கிறாள் என்று நினைத்தான். "முழுசா படிச்சிட்டேன். மனப்பாடமே ஆயிடுச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படின்னா சொல்லுங்க."

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தான். "ஜுரம், வாந்திபேதி, பிரசவம், எலும்பு முறிவு எல்லாத்துக்கும் உண்டு. பல்லு பிடுங்கறதுக்கு மட்டும் தனி."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அவன் கையில் பாதி இருந்த காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பல் விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவன் ராத்திரி முழுக்க யோசித்தான்.

புதன்கிழமை கதம்பம் இல்லை, காப்பியும் இல்லை. அவள் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஊடை நூல் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதறதுக்கு ஏதாவது கஷ்டமா இருக்குதுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டான்.

"எனக்கு இன்னா கஷ்டம்? எழுத வேண்டியது நீங்கதான்."

"நாங்க எழுதக் கூடாதுங்க. ரூல் இருக்குது."

நாடா நின்றது. "இத்தனை வருசமா அந்த ரூலுதானா?"

"இல்லீங்க. இந்த வருசம்தான் போட்டாங்க."

அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். பூப்போல அல்ல, படாரென்று.

வியாழக்கிழமை போகத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போனான். ஐம்பதுக்கு ஒன்று குறைவு என்பது ஒரு பக்கம். நாளை முதல் இந்தத் தெருவில் தனக்கு வேலை இருக்காது என்பது மறுபக்கம். எது அவனை அதிகமாக இழுத்தது என்று கேட்டால் அவனால் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

உள்ளே கலியன் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "வா தம்பி. அது நாலு நாளா கோவமா இருக்குது. இன்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

"உங்களுக்கு விருப்பம் இல்லன்னா வுட்டுடுங்க" என்றான் தணிகாசலம், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா அப்பாவுக்காவது..."

"விருப்பம் இல்லன்னு யாரு சொன்னது?" அவள் குரல் லேசாக உடைந்தது. "அன்னிக்கும் சொல்லல. இன்னிக்கும் சொல்லல. ஒரு நாளாவது நான் சொன்னேனா?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மாமாவைப் பற்றி, இன்லண்ட் லெட்டரைப் பற்றி, கிழித்த ஏழு கடிதங்களைப் பற்றி எல்லாம் நாக்கின் நுனி வரை வந்து நின்றன. தணிகாசலம் வாயைத் திறந்தான்.

"அப்ப கையெழுத்து...?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போங்க. வீட்டுக்குப் போயி லெட்டர் போடுங்க."

அந்தச் சொல் அவனைச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. பன்னிரண்டு வருடக் கோபத்தை அவள் ஒரே வரியில் தீர்த்துக்கொண்டாள் என்று நினைத்தான். இனி இந்த வாசலில் மிதிக்க முகம் இல்லை. சைக்கிளில் ஏறக்கூட மறந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.

மணி நாலே முக்கால். செயலாளர் கலியாணசுந்தரம் கடிகாரத்தின் கீழேயே நாற்காலியைப் போட்டிருந்தார். வண்டியின் டிரைவர் வாலாஜாபாத் சாலைக்குத் தயாராக நின்றார்.

"எத்தனை?"

"நாப்பத்தொம்பது சார்."

"நான் அப்பவே சொன்னேன், நல்ல தமிழ் இந்த மக்களுக்குப் புரியாதென்று" என்றார் செயலாளர் வருத்தமாக.

தணிகாசலம் பையைத் திறந்தான். படிவங்களைப் பதிவு மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றான். கலியனின் மூச்சிரைப்பு காதிலேயே இருந்தது.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அன்னம்மாள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தவள், திடீரென்று நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"ஐயோ, என் மறதியில தீய வைக்க! ஒண்ணு என்கிட்டயே நின்னு பூட்டுது தணிகாசலம். திங்கக்கெழமை சாயந்திரம், மொத மொதலா வந்த பாரமே அதுதான். அந்தப் பொண்ணு அப்பாவுக்கு மருந்து வாங்க வந்தப்பவே பூர்த்தி பண்ணிக் குடுத்துட்டுது. நீதான் படிப்பியாமே, உன் கையிலயே குடுக்கணும்னு வேற சொல்லுச்சு. ஒரே ஒரு கேள்விக்குப் பதிலு ஏடாகூடமா இருந்துச்சா, உன்னைக் கேட்டுக்கினு நம்பர் போடலாம்னு டிராயர்ல வெச்சேன், அப்படியே மறந்துட்டேன்."

இழுப்பறை திறந்தது. கலியன், வயது அறுபத்தெட்டு. மகள் கிருஷ்ணவேணி, வயது முப்பத்திரண்டு. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அன்னம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இதோ பாருப்பா. 'மணமானவரா, ஆகாதவரா?'ன்னு கேட்டிருக்குது. இந்தப் பொண்ணு 'இன்னும் லெட்டர் வரலை'ன்னு எழுதி வெச்சிருக்குது. இதை நான் இன்னான்னு பதிவு பண்றது?"