உப்புமாவுக்கு ஆகாத ரவை

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதைப் புரிந்துகொள்ளும் இடத்தில்தான் கொஞ்சம் கோளாறு. (‘கொஞ்சம்’ என்பதை என் வீட்டுக்காரர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.) அந்தக் கோளாறால் ஜப்பான்காரன் காலத்தில் அவர் தலை போயிருக்க வேண்டியது.

அவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருடைய துரைக்கு ஜொகூர்க் காட்டில் பன்றி வேட்டையாடுவதென்றால் பைத்தியம். சண்டை வந்ததும் துரை துப்பாக்கியோடு கப்பலேறிவிட்டார். பிறகொரு நாள் இவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கட்டிப்பிடித்தபடி, வெளிறிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். டின்னைப் பரணில் வைத்துவிட்டு என் காதில் சொன்னார்:

“துரையோட ரவை. மேசைக்கடியில கெடந்துச்சு. ரொம்பப் பழசு, எதுக்கும் ஆகாது. யார்கிட்டயும் மூச்சு விடாத. நாளைக்குச் சாயங்காலம் எங்கயாவது போட்டுட்டு வந்துடறேன்.”

போடுவதாவது! மாதக்கணக்கில் மரவள்ளிக்கிழங்கையே தின்றுகொண்டிருந்த எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. வண்டு பிடித்த ரவையை வெயிலில் காயவைத்துச் சலித்தால் பத்துப் பேருக்கு உப்புமா கிண்டலாமே, ஆம்பளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது! துப்பாக்கிக்கும் ரவை உண்டு என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. டின்னைக் குலுக்கினேன். கடகடவென்றது. சரி, கட்டி தட்டிப் போயிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, இருந்தார். எட்டு மாதக் கர்ப்பம். “ஒரு வாய் உப்புமா கெடைக்குமாடி?” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். மறுநாள் காலை இவர் வேலைக்குப் போனதும் டின்னைக் கூடையில் வைத்து, மேலே கீரையைப் பரப்பிக் கிளம்பினேன். அப்பப்பா, என்ன கனம்!

முச்சந்தியில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிந்து கும்பிடு போட்டேன். அவன் கூடையைக் காட்டி உறுமினான். எனக்குத் தெரிந்த ஒரே பொதுமொழியான மலாயில், சாப்பாடு என்று சொல்ல, “மக்கான், மக்கான்!” என்றேன். கூடவே அண்ணியின் வயிற்றை என் வயிற்றில் வரைந்து காட்டினேன். அவன் முகம் சட்டென்று இளகியது. பிள்ளைத்தாய்ச்சி நான்தான் என்று நினைத்துவிட்டான் போல. கூடையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, நான் கைகாட்டிய பக்கம் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். நான் வயிற்றைப் பிடித்தபடி ராணி மாதிரி பின்னால் நடந்தேன்.

ஏதோ காகிதம் எடுக்க வீட்டுக்குத் திரும்பிய என் வீட்டுக்காரர் எதிர்ச்சாரியில் நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார். நான் கையைக்கூட ஆட்டினேன். அவர் அப்படியே கடையோர ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் கூடையை இறக்கிவிட்டு அவன் போனான். ரவை என்று நான் சொன்னதுதான் தாமதம், அண்ணி கடுகைத் தாளித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டார். கத்தியால் மூடியை நெம்பினேன். விரல் நீளத்தில், பச்சைக் களிம்பேறிய பித்தளை!

“என்னடி இது, இவ்வளவு பெரிய ரவை?” என்றார் அண்ணி.

அதற்குள் இவர் ஓடிவந்து கதவைத் தாழ் போட்டார். “அவன்கிட்ட என்னடி சொன்ன?”

“மக்கான்னு சொன்னேன்.”

“ஐயோ, அது துப்பாக்கி ரவைடி! தெரிஞ்சிருந்தா என் தலையச் சீவியிருப்பான்!”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணிதான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், இப்போதே பிறந்துவிடுமோ என்று நாங்கள் பயந்தோம். பிறகு மூவருமாகக் கொல்லையில் குழி தோண்டி, டின்னைப் புதைத்து, மேலே மரவள்ளிக் குச்சியை நட்டோம்.

அன்று வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது தெம்பனிஸில் தாத்தா. என் கையால் உப்புமா வைத்தால், முதலில் தட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பான். “சத்தம் வரல அத்தை, சாப்பிடலாம் லா” என்பான்.

என் வீட்டுக்காரர் மட்டும் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு வாயால் சொன்னதே இல்லை. மளிகைச் சீட்டில்கூட ‘அது – ஒரு கிலோ’ என்றுதான் எழுதுவார். கடைக்காரரும் ஒன்றும் கேட்காமல் ரவையைக் கட்டிக் கொடுப்பார்.