அந்தூரியத்தில் ஒட்டிய மீன் செதிள்

பிள்ளையள், உங்கட அப்பாவுக்கு ஒரு வியாதி இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. (சிரிக்காதையுங்கோ, இப்ப கொஞ்சம் குறைஞ்சிட்டுது.) அந்த வியாதியால்தான் நீங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் வளர்ந்தீர்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். சுவிஸில், டாவோஸ் மலையூரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வரவேற்பறையில் முதலாளியம்மாவின் அந்தூரியச் செடி நின்றது, காலமான கணவர் வாங்கிக் கொடுத்தது. எண்ணெய் பூசினதுபோல் மினுங்கும் சிவப்பு. அந்தச் சிவப்பு பூவே இல்லை, ஒரு வகை இலை. நடுவில் நீட்டி நிற்கும் மஞ்சள் குச்சியில்தான் பொடிப்பொடியாகப் பூக்கள் இருக்கும். (இது பிறகு படிச்சது.)

ஹோட்டலைப் பராமரித்தவர் ஓய்வு பெறப்போகிறார். அந்த வேலையோடு மூன்று அறை வீடும் கிடைக்கும். முதலாளியம்மா என்னைத்தான் நினைத்திருந்தார்.

"தங்கச்சி வீட்டுக்கு இரண்டு கிழமை போறன். இது வெப்ப நாட்டுச் செடி. உங்களுக்குப் பார்க்கத் தெரியும்தானே?"

"எங்கட ஊர்ச் செடிதானே!" என்றேன். (அதின்ர ஊர் தென்னமெரிக்கா. ஊரிலை நான் வளர்த்தது தாடி மட்டும்தான்.)

அந்தூரியத்துக்கு நேர் வெயில் ஆகாது. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் வேண்டும். நானோ, பாவம் குளிருமே என்று சட்டியைத் தூக்கி யன்னலடி ஹீட்டருக்கு மேல் வைத்தேன். ஊரில் ரோசாவுக்கு விடுவதுபோல, குசினியில் மீன் கழுவின தண்ணீரை நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றினேன்.

நாலாம் நாள், குசினியில் மரக்கறி வெட்டும் செல்வம் அண்ணை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "டேய், உது வரவேற்பறையோ, மீன் சந்தையோ?"

"உரம் அண்ணை. பிடிக்கக் கொஞ்சம் நாள் செல்லும்."

"பிடிச்சிட்டுதடா. சனம் ஓடுது!"

முதலாளியம்மா திரும்பி வந்தபோது இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது. அவர் ஏசவில்லை. முழங்காலில் நின்று ஒவ்வொரு இலையாகத் துடைத்தார்.

"என்ன ஊற்றினீர்கள்?"

அந்த மூன்று அறை வீடு கண்ணுக்குள் வந்தது. "வெறும் தண்ணி."

அவர் மண்ணிலிருந்து எதையோ விரல் நுனியில் எடுத்து என் முன்னால் நீட்டினார். பளபளவென்று ஒரு மீன் செதிள்.

"தண்ணிக்குச் செதிள் இருக்குதோ?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கூரையைப் பார்த்தேன்.

செடி பிழைக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. "எல்லா அறைச் சாவியும் இந்த வேலை செய்பவரிடம்தான் இருக்கும். நான் அவரை நம்ப வேண்டும்" என்று மட்டும் முதலாளியம்மா என்னிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் அவரின் கதவு வரை போனேன். தட்டவில்லை. அந்த ஹோட்டலும் பிறகு கைமாறிவிட்டது.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னது என் இரண்டாவது பிழை. அம்மா அதை உங்களுக்கும் சொல்லிவிட்டா. நேற்றும் பாருங்கள், "தேத்தண்ணிக்குச் சீனி போட்டனீங்களோ?" என்று அம்மா கேட்டா. "இல்லையே" என்றேன். (போட்டது இரண்டு கரண்டி.) உடனே சின்னவள் எழும்பி வந்து, என் மீசையிலிருந்து இல்லாத ஒன்றைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்பா, செதிள்!"