சும்மா வந்த பெரியவர்

மனித குலம் உருப்படாமல் போனதற்குக் காரணம் போரும் அல்ல, பஞ்சமும் அல்ல. சுற்றி வளைத்துப் பேசுவதுதான். இதைக் கைரோல்லா சனிக்கிழமை காலை அறிவித்தார். கேட்க மனைவி ஸாவ்ரே மட்டும் இருந்தாள்.

நாட்காட்டியில் வசந்தம் வந்துவிட்டிருந்தது. வெளியே பனி ஜன்னல் வரை நின்றது. புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்து, தொலைக்காட்சியும் செத்து, சாலையும் மூடிக் கிடந்தது. பள்ளியில் இயற்பியல் சொல்லித்தரும் மனிதருக்கு விடுமுறையில் வேறு என்ன வேலை?

"ஒருத்தன் செத்துட்டான்னா, செத்துட்டான்னு சொல்லணும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்து, டீ குடிச்சு, கறி தின்னு, கழுகு பறந்துடுச்சு, ஏரி வத்திடுச்சுன்னு விடுகதை போடறாங்க. விடை கண்டுபிடிக்கறதுக்குள்ள கேக்கறவனும் போய்ச் சேந்துடுவான்."

"பொழுது போகலைன்னா வாசல்ல பனியைத் தள்ளுங்க."

கதவு தட்டப்பட்டது. வாசலில் மவுலென் பெரியவர் நின்றார்.

ஸாவ்ரேயின் கையிலிருந்த கரண்டி நின்றது. அந்த ஊரில் யார் வீட்டுக்கு இழவு சொல்லப் போனாலும் மவுலெனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். முகவாகு அப்படி. இந்த வீட்டுப் படியை அவர் இதுவரை மிதித்ததில்லை.

"என்ன பெரியவரே, இந்தப் பனியில?"

"சும்மாதான் வந்தேன்," என்று தொப்பியைக் கழற்றினார்.

இடுப்பளவு பனியில் எவனும் சும்மா வரமாட்டான். அடுப்படியில் ஸாவ்ரே கணவரின் சட்டையைப் பிடித்தாள். அவர்களுடைய ஒரே மகன் ரினாத் தெற்கே சுரங்கத்தில் வேலை பார்த்தான். கோபுரம் சாய்ந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் குரலைக் கேட்கவில்லை.

"நேரா கேளுங்க. நீங்கதான் நேரா பேசற ஆளாச்சே."

கைரோல்லா போய் எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

"சாலையெல்லாம் எப்படி?"

"மூடிக் கிடக்கு."

"உங்க பையன் லாரி எடுத்துட்டுப் போனாரே, சேதி ஏதும் உண்டா?" பிள்ளைகள் பேச்சை எடுத்தால் ரினாத்திடம் வந்து சேர்வார் என்பது திட்டம்.

பெரியவரின் கோப்பை பாதி வழியில் நின்றது. "இல்லியே. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

அதன்பிறகு பெரியவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாய் வரவில்லை என்று கைரோல்லாவுக்குப் புரிந்தது. சாப்பாடு போட்டால் வாய் திறக்கும் என்று ஸாவ்ரே கணக்குப் போட்டு, நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஒளித்து வைத்திருந்த, குதிரைக்கறி அடைத்த கடைசிக் குடலை வேகவைத்து மலைபோல் குவித்தாள்.

பெரியவரின் முகம் இன்னும் இருண்டது. "எனக்கெதுக்கும்மா இவ்வளவு?"

"சாப்பிடுங்க. நாளைக்கு யாருக்கு என்ன எழுதியிருக்கோ," என்று சொல்லிவிட்டு அவள் தலைத்துணி நுனியில் கண்ணைத் துடைத்தாள்.

பெரியவர் கிளம்பவில்லை. இவர்களும் கிளம்பச் சொல்லவில்லை. சேதி சொல்லாமல் அவரை எப்படி விடுவது? அவருக்கு மெத்தை விரித்தார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் ஸாவ்ரே ஒருமுறை மகன் பெயரைச் சொன்னாள்.

ஞாயிறு காலை கைரோல்லா பக்கத்து வீட்டு முல்லாவை அழைத்து வந்தார். "நீங்களா எதையும் ஆரம்பிக்காதீங்க. கூட உட்காருங்க, அவருக்குத் தைரியம் வரட்டும்."

முல்லா உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாததால் மெதுவாகக் குர்ஆன் ஓத ஆரம்பித்தார்.

பெரியவர் சாம்பலாக வெளுத்துப் போனார்.

இனித் தாங்காது. எதையும் கேட்கத் தயார் என்று காட்டிவிட வேண்டியதுதான். கைரோல்லா தொண்டையைச் செருமினார். யாரையும் பார்க்காமல், தரைவிரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மந்தையில நல்ல குட்டியைத்தான் பெரியவரே, ஓநாய் முதல்ல தூக்குது. பெத்தவங்கதான் மனசைத் திடமா வச்சுக்கணும்."

ஸாவ்ரே விம்மினாள். முல்லா கண்ணை மூடினார்.

மவுலென் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, டி.வி. ஓடலை, பொழுது போகலைன்னுதான் உன் வீட்டுக்கு வந்தேன். ரெண்டு நாளா வதைச்சது போதும், என் பையன் எங்கே செத்துக் கிடக்கான்னு நேரா சொல்லிடு."