இட்லிக்கு இசட் மதிப்பு

கிரிவலப் பாதையின் பத்து இட்லிக் கடைகளிலும் இட்லி ஒரே எடையில் இல்லை என்ற பேரதிர்ச்சியான உண்மை, இட்லி ஒழுங்குமுறை அலுவலகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. உடனே ஆணை பிறந்தது. இசட் மதிப்பு ஒன்றைத் தாண்டினால் பௌர்ணமிக்குக் கடை போட அனுமதி கிடையாது.

அடி அண்ணாமலை ஊர்ப் பக்கம் கடை போடும் பாஞ்சாலை அலுவலகத்துக்கு ஓடினாள். அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான் அவள் வீட்டில் மாதம் முழுக்க அடுப்பு எரிகிறது.

"இசட்டுன்னா இன்னா சார்?"

அதிகாரி சரவணகுமார் சென்னையில் மூன்று நாள் பயிற்சி பெற்றவர். "சிம்பிள்மா. பத்து கடைக்கும் சராசரி நாப்பது கிராம். திட்ட விலக்கம், அதாவது சாதாரணமா முன்னபின்ன இருக்கறது, அஞ்சு கிராம். உங்க இட்லி அம்பத்திரண்டு. நாப்பதைக் கழிச்சா பன்னண்டு. அஞ்சால வகுத்தா ரெண்டு புள்ளி நாலு. ரொம்ப ஜாஸ்தி."

"பெரிய இட்லி ஜனங்களுக்கு நல்லதுதானே சார்?"

"நல்லதா கெட்டதானு இசட் சொல்லாதும்மா. எவ்ளோ விலகி இருக்கீங்கன்னு மட்டும்தான் சொல்லும்."

"பாஞ்சாலைக்காவுக்கு இது அநியாயம்" என்று பக்கத்துக் கடை ராஜா எல்லோருக்கும் முன்னால் கொதித்தான். பத்துப் பேரும் கூடிப் பேசி, ஒரே மாதிரி தட்டும் கரண்டியும் வாங்கினார்கள். மறுசோதனையில் பத்து கடை இட்லியும் பிசகாமல் நாற்பது கிராம். சரவணகுமார் முகம் இருண்டது.

"விலக்கம் சைபர். சைபரால வகுக்க முடியாது. இசட் வராது. இசட் இல்லாதவங்களுக்கு அனுமதி கொடுக்க விதியில எடமில்ல."

"எல்லாரும் சரியாத்தானே இருக்கோம் சார்?" என்றாள் பாஞ்சாலை.

"அதாம்மா சிக்கல். ஒருத்தராவது தப்பா இருந்தாத்தான் மத்தவங்க சரின்னு எழுத முடியும்." தாளில் போட்டும் காட்டினார். ஒருவர் மட்டும் பழையபடி ஐம்பத்திரண்டு என்றால் அவருக்கு இசட் மூன்று, அனுமதி இல்லை. மற்ற ஒன்பது பேருக்கும் ஒன்றுக்குள்தான், அனுமதி உண்டு.

பிறகு ராஜா தொண்டையைச் செருமினான். "அக்கா, பெரிய இட்லின்னா உன் கை பக்குவம் யாருக்கு வரும்?" ஒன்பது தலைகளும் ஆடின. பாவிகள், ஒருத்தர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு ஒன்பது கடைகள் நடந்தன.

அடுத்த மாதம் பாஞ்சாலை மறுபடி மனு கொடுக்க வந்தாள். போன பௌர்ணமிக்குக் கடை போடாதவர் சோதனைக்கு வர முடியாது என்று அது திரும்பி வந்தது. வெளி பெஞ்சில் அமர்ந்து உள்ளே பார்த்தாள். ஒன்பது பேரின் இட்லியும் பிசகாமல் நாற்பது கிராம். சரவணகுமார் தராசைத் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, இந்த மாசம் யாருங்க?"

எட்டுப் பேரும் ராஜாவைப் பார்த்தார்கள்.