நைட்டிக்குள் ஒரு தலையணை

என் மனைவிக்கு வலி கண்ட அன்று ஆஸ்பத்திரி வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்த கர்ப்பிணி நான்தான். மறுத்துப் பிரயோஜனமில்லை. பார்த்தவர்கள் நிறைய.

கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ள மீட்பு ஒத்திகை நடத்துவோம். அதில் ஒருமுறை அதிகாரி என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டார். அன்றோடு எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் ஒத்திகை.

வளைகாப்பு முடிந்து செல்வி சின்னசேலம் பக்கத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் ஒரு ரயில்வே கேட். வலி நேரத்தில் கேட்டைப் போட்டுவிட்டால்? டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு ஞாயிறு காலை அங்கே போய் நின்றேன்.

"இன்னிக்கு ஒத்திகை."

"இன்னாத்துக்கு மாப்ள அதெல்லாம்..." என்று மாமனார் இழுத்தார். மாமியார் அவர் கையைக் கிள்ளினார். மாப்பிள்ளை பேச்சை அந்த வீட்டில் யாரும் தட்டமாட்டார்கள். (அன்றைக்கு மட்டும் தட்டியிருக்கலாம். மண்டையிலேயே தட்டியிருக்கலாம்.)

நிறைமாசக்காரியை அலைக்கழிக்கக் கூடாதல்லவா? ஆகவே கர்ப்பிணி நான். செல்வியின் நைட்டியைப் பேன்ட் சட்டைக்கு மேலே மாட்டி, உள்ளே தலையணையைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு பெரிய வயிறு மச்சான் குமாரின் ஆட்டோவுக்குள் நுழையுமா என்று பார்க்க வேண்டாமா? செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, போதும்! வயிறு இழுக்குது, என்னால முடியல!"

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மாமியார் கையில் பையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும், மாமனார் கையில் கடிகாரம், குமார் கையில் ஹேண்டில்பார். மொத்தப் படையும் கிளம்பியது. எதிர்பார்த்தபடியே கேட் போட்டிருந்தது. உண்மையாக இருக்கட்டுமே என்று "அம்மா!" என்று முனகினேன். பக்கத்து வண்டியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"பாவம், மொத புள்ளையா? மீசையெல்லாம் மொளச்சிப் போச்சே! ஒடம்புல ரத்தம் கம்மியா கீதோ இன்னாவோ."

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. "அம்பத்திரெண்டு நிமிஷம்" என்று மாமனார் அறிவித்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. செல்வி.

"எங்க கீறீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. எல்லாரும் வந்துட்டோம்!"

"நான் வரலியே! பனிக்குடம் ஒடஞ்சிடுச்சி!"

"இதுவும் ஒத்திகைதானே?" என்று கேட்டேன். (கடவுளே, கேட்டேன்.) அதற்கு அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. எதிர்வீட்டுக்காரர் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வைத்திருந்த மினி லாரியில் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆட்டோ இங்கே, பை இங்கே, அவளைப் பெற்ற தாய் இங்கே. அவள் மட்டும் அங்கே. கேட்டைப் போட்டுவிட்டால் என் குழந்தை கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் பிறக்கும். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நைட்டியோடு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்த என்னிடம் ஒரு வார்டு அம்மா வந்து, "நடக்கறது நல்லதும்மா, சீக்கிரம் ஆயிடும்" என்றார்.

கேட் திறந்திருந்ததாம். அரை மணியில் லாரி வந்துவிட்டது. செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படியே உள்ளே போனாள்.

மதியம் நர்ஸ் பெண் குழந்தையோடு வெளியே வந்து, "அப்பா யாரு?" என்றார். கண்ணெல்லாம் தண்ணீராக ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினேன். என் வயிறு இடித்தது.

"மொதல்ல உங்களுத எறக்கி வைங்க சார்."

அந்தத் தலையணையில்தான் மகள் இன்றும் தூங்குகிறாள். போன மாதம் அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். 'என் குடும்பம்' படத்தில் மூன்று பேருக்குப் பக்கத்தில் சதுரமாக, கை கால் இல்லாமல் ஓர் உருவம். கீழே 'அண்ணன்' என்று எழுதியிருந்தது.

"உங்களுக்குப் பையன் இருக்கறதா அட்மிஷன்ல போடலியே சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அவன் எனக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான் மிஸ். எங்க அப்பா வயித்துல இருந்தான்."