லாண்டரிக்கு மேலே ஒரு கடல்

மேனேஜரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கடல் நின்றுவிட்டது.

அதுவரை 'ஹோ'வென்று இரைந்துகொண்டிருந்த கடல், தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல் 'கடக் கடக்' என்றது. பிறகு மூச்சை விட்டுவிட்டது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த பறவை என்பவனின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னப்பா, அலைச் சத்தத்தையே காணோம்?" என்றார் திரையில் இருந்த மேனேஜர்.

"இப்போ... உள்வாங்குற நேரம் சார்."

"தினமும் இதே நேரத்துக்கு நல்லா இரையுமே?"

"கடல் இல்லையா சார், அது இஷ்டம்தான்."

"அதென்ன கடக் கடக்னு?"

"பாறை சார். அலை பாறையில மோதுது."

"ஆஹா!" என்று மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கொடுத்துவச்சவன்ய்யா நீ."

உண்மையில் அது கீழ்த்தளத்து லாண்டரியில் ஓடும் பெரிய வாஷிங் மிஷின். அதற்கு நேர் மேலே இருந்த ஒற்றை அறையில்தான் பறவை குடியிருந்தான். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துச் சுவரும், அதில் ஓடும் கழிவுநீர்க் குழாயும் முகத்தில் அடிக்கும். கடற்கரையோரப் புறநகர் என்று அவன் சொல்லிக்கொண்டது பொய்யில்லை. கடல் இருக்கத்தான் செய்தது. மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு கழுத்தை ஒடித்துப் பார்த்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ரிப்பன் அகலத்துக்கு நீலமாகத் தெரியும். அந்த ரிப்பனைத்தான் படம் எடுத்து, பெரிதாக்கி, 'இன்றைய என் அலுவலகம்' என்று உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

பறவை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரும் இல்லை. ஆபீஸை விட்டு இங்கே கிளம்பிய அன்று, 'கூண்டு உங்களுக்கு, வானம் எனக்கு' என்று எல்லோருக்கும் எழுதிவிட்டு வந்தான். கூட வேலை பார்ப்பவர்கள் அன்றே அவனுக்குப் பறவை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிப் பெயர்தான். அவனோ பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம்போல அதை வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்த வானத்தில் அவன் பார்த்த வேலை இதுதான்: ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் ஐஸ் பிடிக்கவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது என்று புகார் எழுதுவார்கள். 'தங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்று இவன் பதில் எழுத வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து வருந்தியதையே இப்போது லாண்டரிக்கு மேலே உட்கார்ந்து வருந்தினான்.

"ஊரை விட்டு ஊர் போய் என்னடா பண்றே?" என்று அக்கா வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

"அதே வேலைதான் மாமா. ஆனா வேற மாதிரி."

"வேற மாதிரின்னா?"

"சுதந்திரமா."

"சரி, உனக்கு இப்போதைக்குப் பொண்ணு பாக்க வேண்டாம்னு உங்க அக்காகிட்ட சொல்லிடுறேன்" என்று மாமா போனை வைத்துவிட்டார்.

இப்படி நிம்மதியாக வருந்திக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ஒரு சோதனை வந்தது. வெளியூர்களில் இருந்து வேலை செய்கிறவர்கள் விஷயத்தில் சீக்கிரமே ஒரு முடிவெடுக்கப் போவதாக மேனேஜர் அறிவித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் இவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுத் துருவ ஆரம்பித்தார். இடம் எப்படி, வெளிச்சம் எப்படி, காற்று வருமா.

'மோப்பம் பிடிக்கிறார்' என்று பறவை முடிவு கட்டினான். 'இடம் சரியில்லைன்னு ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தா போதும், கூண்டைத் திறந்து வச்சுக்கிட்டுக் கூப்பிடுவார்.' ஆகவே மிஷின் இரைச்சல் கடலாயிற்று. அந்தக் கடல்தான் இப்போது நின்றுபோயிருந்தது.

பேச்சு முடிந்ததும் கீழே ஓடினான். லாண்டரிக்காரம்மா மிஷினுக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். மாடி அறையும் அவளுடையதுதான்.

"என்னம்மா ஆச்சு? ஏன் நின்னுபோச்சு?"

"எவனோ சாவிக்கொத்தோட பேன்ட்டைப் போட்டிருக்கான். அதான் கடக் கடக்னு... எடுத்துட்டேன், ஒண்ணும் ஆகல."

"அப்போ ஓட்டுங்களேன்."

"துவைக்கிறது முடிஞ்சுது தம்பி. நாளைக்குக் காலையில துணி வந்தாத்தான் உண்டு. சமயத்துல மத்தியானம்கூட ஆகும்."

பறவைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாளைக்குக் காலையில நான் தர்றேன் துணி!"

தந்தான். அடுத்த நாளும் தந்தான். அதற்கடுத்த நாளும். அவனிடம் இருந்ததே ஒரு பெட்டித் துணி. முந்தின நாள் துவைத்துக் காயாததையே மறுநாள் காலையில் அழுக்கென்று சொல்லிக் கொண்டுபோய்ப் போட்டான். பச்சை வெள்ளையாயிற்று, வெள்ளை சாம்பலாயிற்று, முழங்கால்வரை இருந்தது தொடைக்கு ஏறியது. கடைசியில் மேனேஜருக்குக் காட்டுவதற்கென்று ஒரே ஒரு சட்டைதான் தேறியது. காலையில் திரை முன்னால் உட்காரும் பறவை இடுப்புக்கு மேலே கம்பெனி ஊழியன், இடுப்புக்குக் கீழே ஈரத் துண்டு.

லாண்டரிக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க சித்தி ஒருத்தி இப்படித்தான், நாளெல்லாம் கையைக் கழுவிக்கிட்டே இருப்பா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், இப்போ தேவலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குச் சுத்தம் முக்கியம்."

"அதான் தம்பி, சித்தியும் அதையேதான் சொன்னா."

மாடியில் மேனேஜரின் விசாரணை முற்றியது.

"நெட்டெல்லாம் எப்படி?"

"பறக்குது சார்" என்றான் பறவை. அந்த 'பற'வோடு திரை உறைந்து, வாயைத் திறந்தபடி வெகுநேரம் நின்றான்.

"கரண்ட்?" என்றார் மேனேஜர், திரைக்கு உயிர் திரும்பிய பிறகு.

"போனதே கிடையாது சார்."

"இடம் தாராளமா?"

"மாடி முழுக்க நான்தான் சார்." அதுவும் பொய்யில்லை. மாடியே அந்த ஓர் அறைதான்.

"அவ்வளவு பெரிசா! எத்தனை பேர் புழங்கலாம்?"

நாக்கில் சனி உட்கார்ந்தால் எழுந்துபோக மாட்டான். "கல்யாணமே நடத்தலாம் சார்!"

மேனேஜரின் கண்கள் விரிந்தன. "அப்படியா? அப்போ நாளைக்கு வீட்டைக் கொஞ்சம் சுத்திக் காட்டேன், பாக்கலாம்."

பறவைக்கு அன்று சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து, தெருக்கோடியில், கடலைப் பார்த்த பெரிய வீட்டின் மேல் கண் வைத்தான். கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே தனியாக இருந்தார். தெருவில் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். லாண்டரிக்கு அவரைவிடப் பெரிய வாடிக்கையாளர் இல்லை. திரைச்சீலை, போர்வை, மேஜை விரிப்பு என்று மூட்டை மூட்டையாகப் போடுவார்.

"அவர் துணியை நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேன்மா" என்றான் காலையில்.

"நீங்க எதுக்குத் தம்பி?"

"ஒரு நடை நடந்த மாதிரி இருக்கும்."

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான் பறவை. கூடம் மைதானம்போல் கிடந்தது. அகலமான ஜன்னல்கள், அத்தனையிலும் தடித்த திரை. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

"சார், எங்க ரூம்ல சிக்னல் இல்ல. இங்க உக்காந்து ஒரு போன் பேசிக்கட்டுமா?"

"தாராளமா பேசு" என்றார் கப்பல்காரர். "திரையை மட்டும் திறந்துடாதே."

"ஏன் சார்?"

"வெளிய கடல் இருக்கு."

"அதைப் பாக்கத்தானே சார் ஜனங்க இவ்வளவு தூரம் வர்றாங்க?"

"வர்றவன் வரட்டும். நான் பாதி ஆயுசை அதுல விட்டவன். வேற வீடு அமையல, இங்க கிடக்கேன். காலையில எழுந்து அது மூஞ்சில முழிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்ததுதான் தாமதம், பறவை எல்லாத் திரைகளையும் சரசரவென்று விலக்கினான். கடல் உள்ளே பாய்ந்து வந்தது. போனைத் தூக்கிப் பிடித்து மேனேஜரைக் கூப்பிட்டான்.

"அடேங்கப்பா!" என்று மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "அந்தப் பக்கம் காட்டு... அந்த மூலை... அது என்ன, இன்னொரு ரூமா? கதவைத் திற. பிளக் பாயின்ட் எல்லாம் எங்க இருக்கு?"

'பிளக் பாயின்ட்வரைக்கும் சந்தேகப்படுறாரே மனுஷன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர் சுவராகக் குனிந்து காட்டினான் பறவை. குனிந்தவன் நிமிர்ந்தபோது, எதிரே கப்பல்காரர் துண்டோடு நின்றார். தலையில் சோப்பு நுரை.

"எவன்டா திரையைத் திறந்தது?"

"யாருப்பா அது?" என்றார் மேனேஜர்.

பறவைக்கு யோசிக்க நேரமில்லை. "சமையல்காரர் சார்."

"உன்னையே அதட்டுறாரு?"

"ரொம்ப நாளா இருக்கார் சார். உரிமை ஜாஸ்தி."

"சமையலுக்கு ஆள் வேறயா! பிரமாதம்ப்பா!" என்ற குரலோடு போனை அணைத்தான் பறவை.

கப்பல்காரர் கண்ணில் விழுந்த நுரையைக்கூடத் துடைக்கவில்லை. "சமையல்காரரா?" என்று மெதுவாகக் கேட்டார். கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த கை அது. சட்டைக் காலரைப் பிடித்த பிடியில் பறவையின் கால்கள் தரையில் படவில்லை. அன்றுதான் அவன் முதன்முதலாகப் பறந்தான். பின்னாலேயே துணி மூட்டையும் பறந்து வந்தது.

அவன் தெருவைக் கடந்து வருவதற்குள் செய்தி லாண்டரிக்கு வந்துவிட்டது. கப்பல்காரர் இனி வேறு இடத்தில் துணி போடுவாராம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள் லாண்டரிக்காரம்மா. 'தம்பி' போயிருந்தது.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே! இனிமே உன் துணி ஒண்ணுகூட என் மிஷின்ல விழக் கூடாது. இந்த வாரத்தோட மாடியையும் காலி பண்ணிடு!"

"அம்மா, நான் சொல்றதை..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன்னை மாதிரி ஆள் மாடியில இருந்தா எனக்குத் துணியே வராது."

பறவை மேலே போய்க் கட்டிலில் விழுந்தான். கடலும் போயிற்று, கூரையும் போகப்போகிறது. அக்கா வீட்டுக் கூடமும் மாமாவின் முகமும் கண்ணில் வந்து நின்றன. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டபோது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஆபீஸுக்கே திரும்பிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"சார், ஒரு விஷயம்..."

"நான் முதல்ல சொல்லிடுறேன்" என்றார் மேனேஜர். முகமெல்லாம் பல். "முடிவெடுத்தாச்சு. நீ பண்ணினதுதான் சரின்னு மேலிடத்துலயே ஒத்துக்கிட்டாங்க. உன் அட்ரஸை அனுப்பு. வெள்ளிக்கிழமை காலையில எங்கயும் போயிடாதே. ஒண்ணு வந்து சேரும். என்னன்னு இப்போ கேக்காதே."

பறவையின் நெஞ்சு நிமிர்ந்தது. உள்ளே இருந்த வருத்தம், உண்மை, ஒப்புக்கொள்ளும் எண்ணம் எல்லாம் ஒரே நொடியில் ஆவியாயின. பரிசு! சிறந்த ஊழியன் என்று கேடயம் வரலாம். நல்ல நாற்காலியே வரலாம். கப்பல்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்தால் பரிசு அவரிடம் போய்விடும் என்று, இந்த முறை மட்டும் பிழையில்லாமல் உண்மையான முகவரியை அனுப்பினான்.

அனுப்பிய கையோடு, 'கூண்டில் இருப்பவர்களே, வானம் தன் பிள்ளையைக் கைவிடாது' என்று உலகத்துக்கும் எழுதினான்.

வெள்ளிக்கிழமை காலை, தேறிய ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பரிசு வருவதைப் படம் எடுக்கப் போனைத் தயாராகப் பிடித்திருந்தான்.

"இங்க எதுக்கு நிக்கிறே?" என்றாள் லாண்டரிக்காரம்மா.

"கம்பெனியில எனக்குப் பரிசு அனுப்புறாங்கம்மா. கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரியும், நான் யாருன்னு."

"யாரா வேணும்னாலும் இரு. படியில எதையும் வைக்காதே, துணி போட வர்றவங்க நடக்கிற வழி."

அப்போது தெருமுனையில் ஒரு பெரிய லாரி திரும்பியது. தெருவை அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கச் சுவர்களையும் உரசாத குறையாக வந்து, லாண்டரி வாசலில் பெருமூச்சு விட்டு நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் மலைபோல் சாமான்.

"புது மிஷின் எதுவும் நான் ஆர்டர் பண்ணலையே" என்று லாண்டரிக்காரம்மா முணுமுணுத்தாள்.

டிரைவர் குதித்து இறங்கி, கதவு எண்ணைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், அண்ணாந்து மாடியின் அந்த ஒற்றை ஜன்னலைப் பார்த்தார்.

பறவை போனில் படம் எடுத்தபடியே சிரித்துக்கொண்டு முன்னால் போனான். "அண்ணே, எனக்குத்தான். பரிசு எங்க, முன்னாடியா பின்னாடியா?"

டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "பரிசெல்லாம் தெரியாது சார், அந்த ஊர்க் கட்டடத்தைக் காலி பண்ணி மொத்த ஆபீஸையும் ஏத்திட்டு வந்திருக்கேன், ஆளுங்க எல்லாம் பின்னால பஸ்ல வர்றாங்க, மேனேஜர் சார் மேஜையை எங்க இறக்கட்டும்?"